இரு பாட்டரி பூட்டிய வண்டிகள்: பராமரிப்பும் மின்னேற்றமும்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது)

சங்கத்தின் கணக்கேட்டில் "வண்டிப் பராமரிப்பு" என்னும் தலைப்பின்கீழ் எழுதப்படும் தொகை, அங்கத்தினர் ஒவ்வொருவரும் தறியிலும் தோட்டத்திலும் உழைத்துச் சேர்த்த பணமே ஆகும். டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. டீசல் குறைந்தால் முள் காட்டுகிறது. ஆனால் பாட்டரி என்று நாம் வழங்கும் மின்சேமக்கலம் கெடுவது வெளியில் தெரிவதில்லை. விடியற்காலையில் சரக்கை ஏற்றிக்கொண்டு புறப்படும் வேளையில்தான் அது தன் நிலையை அறிவிக்கிறது. வண்டியில் இரண்டு பாட்டரிகள் இருக்குமாயின், எது கெட்டது, ஏன் கெட்டது என்பதை அறிவது இன்னும் கடினம். ஆகவே அதைப்பற்றிச் சில செய்திகளை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பது பயன் தருமென்று கருதுகிறேன்.

நெய்வேலி நகரியமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் வண்டியின்றி வாணிபம் செய்ய இயலாத இடங்கள். 1957-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரதமர் நேரு அவர்கள் இங்கே பழுப்பு நிலக்கரிச் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-ல் முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் வழங்கத் தொடங்கிற்று. நகரியம் வளர வளர, குறிஞ்சிப்பாடி வட்டாரக் கைத்தறித் துணிக்கும், பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவுக்கும் முந்திரிக்கும் அண்மையிலேயே நல்லதொரு விற்பனைக்களம் அமைந்தது. இன்று சில சங்கங்கள் சரக்கு லாரி வைத்திருக்கின்றன. சில, விளக்கும் தராசும் ரசீது அடிக்கும் கருவியும் பொருத்திய விற்பனை வேனை நடத்துகின்றன. லாரியில் இரண்டு பாட்டரிகள் ஒரு விதமாகவும், விற்பனை வேனில் இரண்டு பாட்டரிகள் வேறொரு விதமாகவும் இணைக்கப்பட்டிருக்கும். இவ்வேற்றுமையை அறியாமையால் விளையும் நஷ்டத்தை நான் நேரில் கண்டேன்.

ஒரு சங்கத்தில் நடந்தது

இவ்வட்டாரத்துச் சங்கம் ஒன்றுக்கு நான் ஆய்வுக்குச் சென்றிருந்தபோது, இரண்டு ஆண்டுகளுக்குள் லாரிக்கு மூன்று முறை பாட்டரி வாங்கியதற்கான வவுச்சர்களைப் பார்த்தேன். காரணம் கேட்டேன். "ஓட்டுநர் தண்ணீர் ஊற்றுவதில்லை, கவனமில்லாதவர்" என்று விடை கிடைத்தது. அதுமட்டுமன்று, கடைசியாக வாங்கிய பாட்டரியின் விலையை அவருடைய ஊதியத்தில் மாதந்தோறும் பிடித்தம் செய்யவும் நிர்வாகக் குழு தீர்மானித்து, இரண்டு மாதப் பிடித்தமும் முடிந்திருந்தது.

ஓட்டுநரை அழைத்து விசாரித்தேன். அவர், "ஐயா, ஒரு பாட்டரிக்கு வாரந்தோறும் தண்ணீர் ஊற்றுகிறேன். அது குடித்துக்கொண்டே இருக்கிறது. மற்றொன்றுக்கு ஊற்றவேண்டிய தேவையே வருவதில்லை. ஆனால் செத்துப்போவது அந்த இரண்டாவதுதான்" என்றார். நான் கல்லூரியில் இயற்பியல் பயின்றவன். அவர் சொன்னது பொய்யாக இருக்க வழியில்லை என்று அப்போதே எனக்குப் பட்டது. கவனமின்மையால் கெடுவதாயின் இரண்டும் ஒருசேரக் கெடவேண்டும். ஒன்று நீர் வற்றியும், மற்றொன்று நீர் வற்றாமலும் கெடுமாயின், அவ்விரண்டும் ஏற்கும் சுமை வேறுபடுகிறது என்பதே பொருள். அதைத் தெளிவாக அறிய, பாட்டரி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

பாட்டரியின் உள்ளே

ஈயப் பாட்டரியைப் பிரான்சு தேசத்துக் கஸ்தோன் பிளாந்தே என்பவர் 1859-ல் கண்டுபிடித்தார். இன்று நம் லாரியில் இருப்பதும் அதன் வழிவந்ததே. 12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2 வோல்ட் தரும். அறைக்குள் ஈயத் தகடுகளும் ஈய ஆக்ஸைடு தகடுகளும் மாறிமாறி நின்று, நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கின்றன. மின்சாரத்தை நாம் எடுக்கும்போது அமிலத்திலுள்ள கந்தகப் பகுதி தகடுகளில் ஈய சல்பேட்டாகப் படிகிறது, கரைசல் நீர்த்துப்போகிறது. மின்னேற்றும்போது அப்படிவு கரைந்து மீண்டும் அமிலமாகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். முதலாவது, மின்சாரம் குறைந்த நிலையிலேயே பாட்டரியை நெடுநாள் விட்டுவைத்தால், படிந்த சல்பேட்டு கெட்டியாகி, பிறகு மின்னேற்றினாலும் கரையாது. பாட்டரியின் கொள்ளளவு சுருங்கிவிடும். இரண்டாவது, நிறைந்த பாட்டரியில் மேலும் மின்சாரத்தைச் செலுத்தினால், அது நீரைப் பிரித்து ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் வாயுக்களாக வெளியேற்றும். நீர் வற்றித் தகடுகள் வெளிப்பட்டுக் கெடும். குறைவாக ஏற்றுவதும் கேடு, மிகையாக ஏற்றுவதும் கேடு.

லாரியில் தொடர் இணைப்பு

பெரும்பாலான லாரிகளும் பேருந்துகளும் 24 வோல்ட்டில் இயங்குகின்றன. இரண்டு 12 வோல்ட் பாட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாக, முதலாவதன் நேர்முனையை இரண்டாவதன் எதிர்முனையோடு சேர்த்து, இந்த 24 வோல்ட்டைப் பெறுகிறோம். இது தொடர் இணைப்பு. இதில் ஒரே மின்னோட்டம் இரண்டின் வழியாகவும் செல்லும். ஒரு நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளைப்போல, இரண்டும் ஒரே அளவு இழுக்கவும் ஒரே அளவு உண்ணவும் வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்நேட்டர் தரும் சுமார் 28 வோல்ட்டை இரண்டும் சரிபாதியாக, 14 வோல்ட் வீதம், பகிர்ந்துகொள்ளும்.

நான் குறிப்பிட்ட லாரியைப் பாட்டரி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசென்று அளந்தோம். எஞ்சின் நின்றிருந்தபோது மொத்தம் 24.5 வோல்ட் காட்டிற்று. குறையொன்றும் இல்லாததுபோல் தோன்றியது. தனித்தனியே அளந்தபோது ஒன்று 12.8, மற்றொன்று 11.7. எஞ்சினை ஓடவிட்டு அளந்ததில் மொத்தம் 28.2, ஆனால் ஒன்றில் 15, மற்றொன்றில் 13.2. மொத்தத்தைப் பார்த்துத் திருப்தியடைந்தவர்கள் பங்கீட்டைப் பார்க்கவில்லை. ஒரு பாட்டரி வெந்துகொண்டிருந்தது. மற்றொன்று பட்டினி கிடந்தது.

காரணத்தைத் தேடியபோது, இரண்டு பாட்டரிகளையும் இணைக்கும் நடுமுனையிலிருந்து ஒரு மெல்லிய கம்பி செல்வதைக் கண்டோம். தராசு, எல்.இ.டி. விளக்குகள், கைப்பேசிக்கு மின்னேற்றும் கருவி ஆகியவை 12 வோல்ட்டில் இயங்குபவை. அவற்றிற்காக ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் மின்சாரம் எடுத்திருந்தனர். அந்தப் பாட்டரி நாள்தோறும் கூடுதலாகச் செலவிட்டது. ஆனால் ஆல்டர்நேட்டரோ இரண்டிற்கும் ஒரே மின்னோட்டத்தைத்தான் செலுத்த முடியும். ஆகவே சுமை தாங்கிய பாட்டரி என்றும் நிறையவில்லை. சுமையற்ற பாட்டரி முன்னதாகவே நிறைந்து, மிகையான மின்சாரத்தால் நீரைக் கொதிக்கவிட்டது. ஓட்டுநர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

அக்கம்பியை இழுத்தவர் ஓட்டுநர் அல்லர். தராசும் விளக்கும் பொருத்துவதென்று நிர்வாகக் குழு நிறைவேற்றிய தீர்மானம் நடவடிக்கைக் குறிப்பேட்டிலேயே இருந்தது. 24 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் கன்வெர்ட்டர் ஒன்றை அப்போதே வாங்கியிருந்தால் போதும். அது இரு பாட்டரிகளிலிருந்தும் சமமாக மின்சாரத்தை எடுக்கும். அந்தச் சிறு செலவை மிச்சப்படுத்தப் போய், மூன்று பாட்டரிகளின் விலை போயிற்று.

தொடர் இணைப்பில் வேறொரு விதியும் முக்கியமானது. இரண்டு பாட்டரிகளும் ஒரே கொள்ளளவும், ஒரே வகையும், ஒரே வயதும் உடையனவாக இருத்தல் வேண்டும். பழையதோடு புதியதைச் சேர்த்தால், பழையதன் குறைந்த கொள்ளளவே இரண்டிற்கும் எல்லையாகிவிடும். மின்னேற்றமும் சமமாக நடவாது. ஆகையால் மாற்றும்போது இரண்டையும் ஒருசேர மாற்றுவதே சிக்கனம். எடுத்த இரண்டில் ஒன்று இன்னும் நல்லதாயிருப்பின், அதனை 12 வோல்ட் வண்டி ஒன்றில் தனியாகப் பயன்படுத்தலாம்.

விற்பனை வேனில் துணைப் பாட்டரி

சிறிய வேன் 12 வோல்ட்டில் இயங்குவது. அதில் இரண்டாவது பாட்டரி வைப்பதன் நோக்கம் வேறு. ஒன்று எஞ்சினைக் கிளப்புவதற்கு; மற்றொன்று வண்டி நிற்கும்போது விளக்கு, விசிறி, தராசு முதலியவற்றை இயக்குவதற்கு. லாரியில் இரண்டும் எப்போதும் ஒன்றாகவே உழைக்கவேண்டும். வேனிலோ, செலவிடும்போது இரண்டும் தனித்தனியாகவும், மின்னேறும்போது மட்டும் ஒன்றாகவும் இருத்தல் வேண்டும்.

சிலர் இரண்டையும் தடித்த கம்பியால் நிரந்தரமாகச் சேர்த்துவிடுகின்றனர். மாலை விற்பனை முடிந்தபின் விளக்குகள் இரண்டு பாட்டரிகளையும் வற்றச்செய்துவிட, வண்டி கிளம்பாமல் துணிமூட்டைகளோடு தெருவில் நிற்கும். அன்றியும், ஒன்றில் ஓர் அறை பழுதானால் அது மற்றொன்றின் சக்தியையும் உறிஞ்சிவிடும். இதைத் தடுக்க, மின்னழுத்தத்தை உணர்ந்து தானே இணைக்கும் ரிலே ஒன்றை இடையில் பொருத்துவது வழக்கம். எஞ்சின் ஓடி மின்னழுத்தம் சுமார் 13.3 வோல்ட்டைத் தாண்டியதும் அது இரண்டையும் சேர்க்கும். எஞ்சின் நின்று 12.8 அளவுக்கு இறங்கியதும் பிரித்துவிடும். புதிய வண்டிகள் சிலவற்றில், எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக ஆல்டர்நேட்டர் தன் மின்னழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அத்தகைய வண்டிகளில் ரிலே சரிவர வேலை செய்யாது. துணைப் பாட்டரிக்கென்றே அமைந்த, மின்னழுத்தத்தை உயர்த்தி அளவோடு ஏற்றும் கருவியைப் பொருத்தவேண்டும். லித்தியம் வகைத் துணைப் பாட்டரி வைப்போருக்கும் இக்கருவி தேவை. அதனை ஈயப் பாட்டரியோடு நேராகச் சேர்த்தல் கூடாது.

எவ்வளவு பெரிய துணைப் பாட்டரி வேண்டும் என்பதைக் கணக்கிட்டே வாங்கவேண்டும். ஓர் உதாரணம் காண்போம். 10 வாட் விளக்குகள் நான்கு, 20 வாட் விசிறி ஒன்று, தராசும் ரசீதுக் கருவியும் சேர்ந்து 20 வாட். ஆக 80 வாட். இதனை 12-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6.7 ஆம்பியர். ஐந்து மணி நேர விற்பனைக்கு 33 ஆம்பியர்-மணி செலவாகும். ஈயப் பாட்டரியைப் பாதிக்குமேல் வற்றவிடாமலிருப்பது அதன் ஆயுளுக்கு நல்லது. எனவே 70 அல்லது 75 ஆம்பியர்-மணிப் பாட்டரி வேண்டும். எஞ்சின் கிளப்பும் பாட்டரியின் தகடுகள் மெல்லியவை. நொடிப்பொழுது மிகுந்த மின்னோட்டம் தருவதற்கு அமைந்தவை. பலமுறை ஆழ்ந்து செலவிட்டு மீண்டும் ஏற்றுவதைத் தாங்குவன தடித்த தகடுகள் உள்ளவையே. துணைப் பாட்டரி இவ்வகையினதாக இருத்தல் நன்று. ஆனால் வண்டியின் அதிர்ச்சியைத் தாங்கும்படி செய்யப்பட்டதா என்று கேட்டு வாங்கவேண்டும்.

மின்னேற்றும் முறை

குறிஞ்சிப்பாடியிலிருந்து நெய்வேலி வந்து சேர அரைமணி அல்லது சற்று அதிக நேரம் ஆகும். அவ்வளவு ஓட்டத்தால் துணைப் பாட்டரி நிறைந்துவிடும் என்று எண்ணுவது தவறு. ஈயப் பாட்டரி முதற்பகுதியை விரைவாக ஏற்றுக்கொள்ளும். கடைசிப் பகுதியை மெதுவாகவே ஏற்கும். நாம் கணக்கிட்ட 33 ஆம்பியர்-மணியைத் திரும்பப் பெற, இழப்பையும் சேர்த்து ஏறக்குறைய 40 ஆம்பியர்-மணி செலுத்தவேண்டும். ஆகவே விற்பனை நடந்த இரவில், சங்கக் கட்டடத்தில் சார்ஜரோடு இணைத்து விடியும்வரை ஏற்றுவதே முறை. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் பொருத்தமானது. 75 ஆம்பியர்-மணிப் பாட்டரிக்கு 7 அல்லது 8 ஆம்பியர். நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் மிக நல்லது.

லாரியின் இரண்டு பாட்டரிகளையும் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, நடு இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக 12 வோல்ட் சார்ஜரில் முழுவதும் ஏற்றவேண்டும். இதனால் இரண்டும் மீண்டும் சமநிலைக்கு வரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வண்டிக்கு வேலை குறைவு. அப்போது சும்மா நிற்கும் வண்டியின் பாட்டரியை மாதம் ஒருமுறை ஏற்றிவைக்கவேண்டும்.

நிலையை அறிதல்

சில மணி நேரம் ஓய்வாக இருந்த 12 வோல்ட் பாட்டரியை வோல்ட்மீட்டரால் தனியே அளந்தால், ஏறக்குறைய,

12.7 வோல்ட் — நிறைவு
12.4 வோல்ட் — முக்கால்
12.2 வோல்ட் — பாதி
12.0 வோல்ட் — கால்

எனக் கொள்ளலாம். லாரியின் இரு பாட்டரிகளுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்குமேல் வேறுபாடு தொடர்ந்து காணப்பட்டால் காரணத்தை ஆராயவேண்டும். மூடி திறக்கும் பாட்டரியாயின், ஹைட்ரோமீட்டரால் ஒவ்வோர் அறையின் அமிலச் செறிவையும் பார்க்கலாம். நிறைந்த பாட்டரியில் அது 1.250 முதல் 1.280 வரை, தயாரிப்பாளர் குறித்த அளவில், இருக்கும். ஓர் அறை மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால் அந்த அறை பழுதாகிவிட்டது எனலாம்.

அன்றாடப் பராமரிப்பு

நீர்: மாதம் இருமுறையும், சித்திரை வைகாசி வெயிலில் வாரம் ஒருமுறையும் பார்க்கவும். காய்ச்சி வடித்த பாட்டரி நீரையன்றி, குழாய் நீரோ கிணற்று நீரோ ஊற்றலாகாது. மின்னேற்றியபின் குறியளவுக்கு ஊற்றுக. தகடு வெளியே தெரிந்தால் மட்டும் முன்னதாக அது மூழ்குமளவு ஊற்றலாம். அமிலம் ஒருபோதும் சேர்க்கவேண்டா. மூடி திறவாத வகைக்கு இது பொருந்தாது. அதற்கு வோல்ட்டளவே சோதனை.

தூசு: நெய்வேலிப் பக்கம் ஓடும் வண்டிகளில் நிலக்கரித் தூளும் சாம்பலும் படிவது இயல்பு. பாட்டரியின் மேற்புறத்தில் அது அமில ஈரத்தோடு கலந்தால், முனைக்கு முனை மின்சாரம் சிறிது சிறிதாகக் கசியும். மூடிகளை இறுக்கி, சமையல் சோடா கரைத்த நீரில் தோய்த்த துணியால் துடைத்து, பின் நல்ல நீரால் துடைத்து உலர்த்தவும்.

முனைகள்: வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பதை வெந்நீரால் நீக்கி, இறுக்கிப் பூட்டி, வாஸலின் தடவவும். பாட்டரியைப் பிடிக்கும் சட்டம் தளர்ந்திருந்தால் அதிர்ச்சியால் தகடுகள் உதிரும்.

வெப்பம்: வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் பாட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். துணைப் பாட்டரியை எஞ்சினுக்கு அருகில் வைப்பதைத் தவிர்க்கவும்.

அபாயம் தவிர்த்தல்

மின்னேறும் பாட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன், காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும். ஆகவே நூல் கிடங்கிலோ துணி வைத்த அறையிலோ மின்னேற்றம் செய்யலாகாது. காற்றோட்டமான இடம் வேண்டும்; பீடி, தீக்குச்சி அணுகலாகாது. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது எதிர்முனையைக் கடைசியிலும் தொடவேண்டும். துணைப் பாட்டரிக்குச் செல்லும் கம்பியில், இரு பாட்டரிகளின் அருகிலும் ஒவ்வொரு ஃபியூஸ் இருத்தல் அவசியம். 24 வோல்ட் லாரியிலிருந்து கம்பி இழுத்து 12 வோல்ட் வேனைக் கிளப்ப முயலவேண்டா. அமிலம் கண்ணில் பட்டால் உடனே நல்ல நீரால் இடைவிடாது கழுவி, மருத்துவரிடம் செல்லவேண்டும்.

பதிவேடு ஒன்று வேண்டும்

பெரிய மின் நிலையங்களிலும் கட்டுப்பாட்டுக் கருவிகளை இயக்க வரிசை வரிசையாகப் பாட்டரிகள் வைத்திருப்பார்கள். மின்சாரம் ஆக்கும் இடத்திலேயே, மின்சாரம் நின்றுபோகும் வேளைக்கு அவை காவல். அங்கே ஒவ்வொரு பாட்டரியின் அளவும் முறைப்படி எழுதி வைக்கப்படுகிறது. நம் சங்கங்களும் இதைப் பின்பற்றலாம். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். வாங்கிய நாள், வரிசை எண், உத்தரவாதக் காலம், மாதந்தோறும் ஒவ்வொரு பாட்டரியின் வோல்ட்டளவு, ஊற்றிய நீர் ஆகியவற்றை ஓட்டுநர் எழுத, செயலாளர் கையொப்பமிட வேண்டும். எந்தப் பாட்டரி அதிக நீர் குடிக்கிறது என்பது இரண்டே மாதத்தில் அதில் தெரிந்துவிடும். பழைய பாட்டரியைக் குப்பையில் எறிவதும், கண்டவரிடம் உடைக்கக் கொடுப்பதும் கூடா. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி முறையாகச் சேகரிப்போரிடமே ஒப்படைக்கவேண்டும். ஈயத்திற்கு விலையுண்டு, அத்தொகை சங்கக் கணக்கில் வரவாகவேண்டும்.

முன்சொன்ன சங்கத்தில் கன்வெர்ட்டர் பொருத்தி, இரு பாட்டரிகளையும் ஒருசேர மாற்றினார்கள். அடுத்த கூட்டத்தில் ஓட்டுநரின் பிடித்தத் தீர்மானத்தை ரத்துசெய்து, பிடித்த தொகையைத் திருப்பித் தந்தார்கள். தலைவர் கூட்டத்திலேயே, "தம்பி சொன்னதை நாம் முன்னமே கேட்டிருக்கவேண்டும்" என்றார். பதிவேட்டை இப்போது அந்த ஓட்டுநரே எழுதிவருகிறார். சென்ற முறை நான் பார்த்தபோது இரண்டு பாட்டரிகளும் 12.6 காட்டின.

ஒவ்வொரு சங்கத்தின் செயலாளரும், இவ்விதழ் கைக்கு வந்த வாரத்திலேயே, வண்டியின் இரண்டு பாட்டரிகளையும் தனித்தனியே அளந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு வோல்ட்மீட்டரும் கால்மணி நேரமும் போதும்.